கை தட்டினது போதும், முதல் ஆர்டரைக் கொடுங்க



நம்ம சேனல்ல போன வருஷம் போட்ட ஒரு வீடியோ இப்போ இல்லை. சின்ன வெங்காயத்தோட தாளை அரியுற மெஷின் பத்தின வீடியோ. "ஏன் சார் எடுத்துட்டீங்க? எங்க ஊர் விவசாயிகளுக்கு அனுப்பலாம்னு தேடிட்டு இருக்கேன்"னு உங்கள்ல பல பேர் கேட்டுட்டீங்க. இவ்வளவு நாளா நான் பதில் சொல்லலை. கூச்சமா இருந்துச்சு. ஏன்னா தப்பு என்னோடது. அதை இன்னைக்குச் சொல்லிடறேன். அதிலிருந்து நான் கத்துக்கிட்டதையும், உள்ளூர்ல புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கிறவங்களுக்கு நாம செய்யக்கூடியது என்னன்னும் சேர்த்தே சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

நடந்தது என்ன?

அவர் கோவையில் சின்னதா லேத் பட்டறை வச்சிருக்கார். என்னோட வாடிக்கையாளர். ஐ.டி.ஐ. படிச்சவர், வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு. நான் அவரை அண்ணான்னு கூப்பிடுவேன், அவர் என்னை "ஆடிட்டர் தம்பி"ம்பார். பேர் வேண்டாம், அவர் கேட்டுக்கிட்டது அது.

அவரோட மாமனார் ஊர்ல சின்ன வெங்காயம் போடுறாங்க. அறுவடை முடிஞ்சு காய வச்ச வெங்காயத்தோட தாளை ஒவ்வொண்ணா கையில் பிடிச்சு அரியணும். அந்த வேலைக்கு இப்போ ஆள் கிடைக்கிறதில்லை. கிடைச்சாலும் கூலி கட்டுபடியாகலை. இதைப் பார்த்துட்டு வந்த மனுஷன் மூணு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உட்கார்ந்து ஒரு மெஷின் பண்ணார். முதல் மெஷின் வெங்காயத்தையே நறுக்கிடுச்சு. ரெண்டாவதுல தாள் போய்ச் சிக்கிக்கிச்சு. நாலாவது மெஷின் ஓடுச்சு.

நான் போய்ப் பார்த்தேன், அசந்து போனேன். கையில் கேமரா இருந்துச்சு. 12 நிமிஷ வீடியோ எடுத்தேன். பிளேடு எந்தக் கோணத்தில் இருக்கு, தாள் எப்படி உள்ளே இழுக்கப்படுது, வெங்காயம் ஏன் அடிபடாம தப்பிக்குதுன்னு எல்லாத்தையும் கிட்டக்கப் போய்க் காட்டினேன். அண்ணாவும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சந்தோஷமா விளக்கிச் சொன்னார். "இப்படிப்பட்டவங்களை நாமதான் ஆதரிக்கணும்"னு நான் சொல்லி முடிச்சேன்.

வீடியோ நல்லாப் போச்சு. பாராட்டு குவிஞ்சுது. "சூப்பர் அண்ணா", "தமிழன்டா", "அரசாங்கம் இவரைக் கண்டுக்கணும்"னு எழுதினீங்க. ஆர்டர் எத்தனை வந்துச்சு தெரியுமா? ரெண்டு.

அஞ்சு மாசம் கழிச்சு அண்ணா ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து என் மேஜை மேல வச்சார். வேற மாவட்டத்துல ஒரு பெரிய பட்டறை. அதே மெஷின், அதே பிளேடு கோணம், பெயின்ட் மட்டும் வேற. விலை இவரோடதை விட 6,000 ரூபாய் குறைவு. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன். அவர்தான் பேசினார். "பரவால்லீங்க தம்பி, நல்லா இருக்குன்னுதானே காப்பி அடிச்சிருக்கான்."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

1,600 ரூபாய் மிச்சம் பிடிச்ச கதை

மறுநாளே காப்புரிமை பார்க்கிற ஒரு வக்கீல்கிட்ட அண்ணாவைக் கூட்டிட்டுப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இதை வெளியில் எப்போ காட்டினீங்க?" பதில் எனக்குத் தெரியும். நம்ம சேனல்லயே தேதியோட இருக்கு.

நம்ம நாட்டுக் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பம் போடுற தேதிக்கு முன்னாடி அந்தக் கண்டுபிடிப்பு பொதுவெளியில் வந்திருக்கக் கூடாது. வந்துட்டா அது புதுசு இல்லை. கண்டுபிடிச்சவரே வெளியிட்டிருந்தாலும் பெரும்பாலும் இதே கதிதான். மத்திய அரசு அறிவிச்ச கண்காட்சியில் வச்சது மாதிரி ஒரு சில விதிவிலக்குகள் இருக்கு, அதுக்கும் 12 மாசக் கெடு உண்டு. வீடியோ போட்டவனுக்கு அந்தச் சலுகை எதுவும் கிடையாது. வீடியோவை எடுத்துட்டாலும் போனது திரும்ப வராது. இன்னொருத்தர் பார்த்து அப்படியே செய்யறதையாவது குறைக்கலாமேன்னுதான் எடுத்தேன்.

இதைத் தடுக்க என்ன செலவாகியிருக்கும்? தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம்னா ஆன்லைன்ல காப்புரிமை விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். மத்த நிறுவனங்களுக்கு 8,000. வக்கீல் ஃபீஸ் தனி. முழு விவரமும் தயாரா இல்லைன்னா தற்காலிக விவரணை ஒண்ணைப் போட்டு அந்தத் தேதியைப் பிடிச்சு வச்சுக்கலாம். முழு விவரணையைத் தர 12 மாசம் நேரம் இருக்கு. காப்புரிமை கிடைச்சா விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 வருஷம் பாதுகாப்பு.

அந்தப் பட்டறையில் நான் கேமராவை ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கணும். "அண்ணா, இதைப் பதிவு பண்ணிட்டீங்களா?" கணக்கு, சட்டம்னு படிச்சிட்டு வந்தவன் நான். கேட்கலை. ஆதரவு கொடுக்கிறேன்னு போய் அவரோட மூணு வருஷ உழைப்பை ஊருக்கு இலவசமா கொடுத்துட்டேன்.

அதனால முதல் விஷயம் இது. உள்ளூர்ல யாராவது புதுசா ஒண்ணு பண்ணிக் காட்டினா போனை வெளியில் எடுக்காதீங்க. ஸ்டேட்டஸ் வேண்டாம், ரீல்ஸ் வேண்டாம். முதல்ல பதிவு, அப்புறம் பாராட்டு.

கோவையில் இதுக்கு முன்னாடி எப்படி நடந்துச்சு?

"நெட்வொர்க்கிங்"னு சொன்னதும் நமக்கு ஹோட்டல்ல காலை டிபனோட நடக்கிற கூட்டம் ஞாபகம் வருது. கோட்டு, விசிட்டிங் கார்டு, 60 செகண்ட் அறிமுகம். அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே இந்த ஊர்ல வேற மாதிரி ஒண்ணு இருந்துச்சு.

கோவைன்னா ஜி.டி. நாயுடு பேரைச் சொல்லாம இருக்க முடியாது. பஸ் ஓட்டி ஆரம்பிச்சவர், பல கருவிகளைக் கண்டுபிடிச்சவர். ஆனா அவர் தனியா நின்னு ஜெயிச்சவர் இல்லை. 1937ல் இங்கே உருவான மின் மோட்டார், டி. பாலசுந்தரம் என்கிறவரோடு சேர்ந்து செய்தது. அந்த பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு பட்டறையில் கைத்தொழில் பழகினவர் அடுத்த பட்டறையைத் திறந்தார். ஃபவுண்டரி ஒரு தெரு, பேட்டர்ன் செய்றவர் அடுத்த தெரு, மோட்டார் காயில் கட்டுறவர் பக்கத்துச் சந்து. பம்ப்செட் அப்படித்தான் இந்த ஊருக்கு வந்துச்சு. நம்ம வீட்டு வெட் கிரைண்டரும் அப்படித்தான். 1950கள்ல சபாபதி என்கிற கோவைக்காரர் உருவாக்கினது, பிறகு நூத்துக்கணக்கான சின்ன யூனிட்டுகளுக்குச் சோறு போட்டுச்சு. இன்னைக்கு "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்கிற பேருக்குப் புவிசார் குறியீடே இருக்கு.

இதுல நான் பார்க்கிற சூட்சுமம் ஒண்ணுதான். தன்கிட்ட இல்லாத மெஷினைப் பக்கத்துப் பட்டறைக்காரர்கிட்டப் போய் ஓட்டிக்கிட்டாங்க. வேலையை முதல்ல முடிச்சிட்டு, காசை அடுத்த வாரம் வாங்கிக்கிட்டாங்க. சின்ன சின்ன பம்ப் கம்பெனிகளால ஆளுக்கு ஒரு பரிசோதனைக் கூடம் கட்ட முடியாது. அதனாலதான் சிட்டார்க் மாதிரி பொதுவான சோதனை மையம் இங்கே வந்துச்சு. கொடிசியா மாதிரி சங்கங்கள் வந்துச்சு. கருவி, கடன், சோதனை, வாங்குற ஆள், இந்த நாலும் நடந்து போற தூரத்துல இருந்துச்சு. அதுதான் இந்த ஊரோட நெட்வொர்க்.

இப்போ அண்ணாவோட கதையைப் பாருங்க. லேத் அவர்கிட்டயே இருக்கு, திறமையும் இருக்கு. கடனும் இல்லை, வாங்குற ஆளும் இல்லை. எச்சரிக்கை பண்ண வேண்டிய ஆடிட்டர் கேமராவோட நிக்கறான்.

தேனீகிட்ட இருந்து மூணு விதி

இந்த விஷயத்தை முப்பது வருஷத்துக்கு மேல யோசிச்சவர் ஒருத்தர் இருக்கார். அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல பேராசிரியரா இருந்த அனில் குப்தா. 1980களோட கடைசியில் "ஹனி பீ நெட்வொர்க்"னு ஒண்ணை ஆரம்பிச்சார். கிராமத்து மக்கள்கிட்ட இருந்து ஆராய்ச்சியாளர்கள் அறிவை எடுத்துக்கிட்டுப் போறாங்க, ஆனா அவங்க பேரைக்கூடப் போடுறதில்லை என்பது அவரோட ஆதங்கம். தேனீ பூவுல தேன் எடுக்குது, பூவுக்கு நஷ்டமில்லை. ஒரு பூவோட மகரந்தத்தை அடுத்த பூவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யுது. நாமளும் அப்படி இருக்கணும்கிறார்.

அந்த வலைப்பின்னலோட கொள்கையை என் பாஷையில் சொன்னா மூணு. ஒண்ணு, கண்டுபிடிச்சவர் பேரைச் சொல்லணும். ரெண்டு, அவருக்குப் புரியற மொழியில் திரும்பச் சொல்லணும். மூணு, அதுல வர்ற லாபத்துல அவருக்குப் பங்கு போகணும். மதுரையில் இருக்கிற சேவா அமைப்பு இந்த வலைப்பின்னலோட சேர்ந்து "நம் வழி வேளாண்மை"னு தமிழ்லயே இதழ் நடத்தினது ரெண்டாவது விதிக்கு நல்ல உதாரணம். இந்த இயக்கத்தோட தொடர்ச்சியாத்தான் 2000ல தேசிய புத்தாக்க அறக்கட்டளை உருவாச்சு. குஜராத்தில் மண்ணுல ஃபிரிட்ஜ் செஞ்ச மன்சுக்பாய் பிரஜாபதி மாதிரி பலருக்கு இந்த வலைப்பின்னல் கை கொடுத்திருக்கு.

நம்ம கோவை அருணாச்சலம் முருகானந்தத்தையே எடுத்துக்கோங்க. குறைஞ்ச விலையில் நாப்கின் செய்யற மெஷின். வருஷக்கணக்கா ஊரே அவரைக் கிண்டல் பண்ணுச்சு. 2006ல ஐ.ஐ.டி. மெட்ராஸ்க்கு அந்த மெஷினைக் கொண்டுபோனார். அங்கே இருந்தவங்க அவரை தேசிய புத்தாக்க அறக்கட்டளையோட போட்டிக்கு அனுப்பினாங்க. அப்புறம்தான் கதவு திறந்துச்சு. 2016ல பத்மஸ்ரீ வந்துச்சு. ஆனா அவருக்குத் தொழிலா நின்னது விருது இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அந்த மெஷினை வாங்கினாங்க. வாங்கினவங்க இருந்ததாலதான் மெஷின் ஊர் ஊரா போச்சு.

நம்ம வீடியோவை இந்த மூணு விதியில் வச்சுப் பார்த்தேன். பேரைச் சொன்னேன், தமிழ்ல சொன்னேன். மூணாவதுல ஃபெயில். விளம்பர வருமானம் கொஞ்சம் எனக்கு வந்துச்சு. அவருக்கு எதுவும் போகலை.

சரி, நாம என்ன பண்ணலாம்? நம்ம பிளாக் என்கிறதால காசுக் கணக்கோடவே பேசுவோம்.

1. முதல் ஆர்டர், அதுவும் அட்வான்ஸோட

அண்ணாவோட மெஷின் விலை 42,000 ரூபாய். ஒரே ஒரு மெஷின் செய்யணும்னா பொருள் செலவே 31,000 ஆகுது. மோட்டாரைச் சில்லறையில் வாங்கணும், லேசர் கட்டிங்குக்கு ஒத்தை ஷீட் கொடுக்கணும். பத்து மெஷின் சேர்த்துச் செய்தா அதே பொருள் செலவு ஒண்ணுக்கு 24,000. பத்துக்கு 70,000 ரூபாய் மிச்சம். ஆனா பத்துக்கும் சேர்த்துப் பொருள் வாங்க 2.4 லட்சம் வேணும்.

அவருக்கு வங்கியில் அந்தக் கடன் கிடைக்கலை. வெளியில் மூணு வட்டிக்கு வாங்கினா, நாலு மாசத்துக்கு 28,800 ரூபாய் வட்டி. இப்போ வேற மாதிரி பாருங்க. பத்துப் பேர் ஆளுக்கு 15,000 அட்வான்ஸ் கொடுத்தா 1.5 லட்சம். மீதி 90,000 மட்டும் தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு வட்டிக்குக் கொடுத்தா நாலு மாசத்துக்கு 3,600. வட்டியில் மட்டும் 25,200 ரூபாய் மிச்சம். ரெண்டு மிச்சத்தையும் சேர்த்தா மெஷினுக்கு 9,500க்கு மேல வருது. அந்த காப்பி மெஷின் 6,000 குறைவுன்னு சொன்னேன் இல்லையா? அந்த வித்தியாசத்தை அடைக்கத் தேவைப்பட்டது பத்து அட்வான்ஸ்தான்.

இன்னொரு விஷயம். பொருளுக்கு வாங்குற அட்வான்ஸுக்கு அப்பவே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினா போதும். சேவைக்கு வாங்குற அட்வான்ஸ்னா அப்படி இல்லை, கவனம். அட்வான்ஸ் கொடுக்கிற நீங்களும் ரசீது வாங்குங்க. டெலிவரி தேதி, தாமதமானா பணம் திரும்பத் தருவாரா என்பதெல்லாம் ஒரு பக்கத்துல எழுதி வாங்கிக்கோங்க. நம்பிக்கை வேற, பேப்பர் வேற.

2. வாங்கினதுக்குக் காசு, அதுவும் நேரத்துக்கு

நீங்க தொழில் நடத்துறவரா இருந்தா இது உங்களுக்கு. சின்ன பட்டறைகள் ஆர்டர் இல்லாம மட்டும் மூடுறதில்லை. ஆர்டர் இருந்தும் காசு வராம மூடுறதை என் ஆபீஸ்ல உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கேன்.

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கிட்ட வாங்கினா, எழுத்து ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும். தாமதமானா வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி, மாசா மாசம் ஏறும். அதோட, 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு கிடுக்கிப்பிடி வந்தாச்சு. 43பி(எச்)னு கேள்விப்பட்டிருப்பீங்க. கெடுவைத் தாண்டி நிலுவை வச்சா, அந்தச் செலவை நீங்க உண்மையில் பணம் கொடுக்கிற வருஷத்துலதான் கழிச்சுக்க முடியும். பொருள் வாங்கி விக்கிற வியாபாரிகளுக்கு இது பொருந்தாது. உற்பத்தி பண்றவங்களுக்கும் சேவை கொடுக்கிறவங்களுக்கும்தான்.

கண்டுபிடிப்பாளர் பக்கத்திலிருந்து சொன்னா, உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆயிரம், ரெண்டாயிரம்னு கேட்கிற ஏஜெண்டுகள்கிட்டக் கொடுக்காதீங்க. ஆதாரும் பான் கார்டும் இருந்தா அரை மணி நேர வேலை. இதை ஒருத்தருக்குப் பக்கத்துல உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறதும் ஒரு ஆதரவுதான்.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். இந்தச் சட்டத்துக்குப் பயந்து, உத்யம் பதிவு உள்ளவங்ககிட்ட வாங்கறதையே நிறுத்தின கம்பெனிகளும் இருக்கு. என்னோட வாடிக்கையாளர் ஒருத்தரே என்கிட்ட அந்த யோசனை கேட்டார். "45 நாள்ல காசு கொடுக்க முடியலைன்னா, பிரச்சினை அந்தப் பட்டறைக்காரர்கிட்ட இல்லைங்க, உங்க கேஷ் ஃப்ளோவுல"ன்னு சொன்னேன். அவருக்குக் கோபம்தான். ஆனா கொடுத்துட்டார்.

3. பணமா உதவணும்னா மூணு வழி, மூணுக்கும் ஒரு கவனம்

நன்கொடையா கொடுக்கிறது முதல் வழி. முப்பது பேர் ஆளுக்கு 5,000 போட்டு ஒருத்தருக்கு 1.5 லட்சம் கொடுக்கறோம்னு வைங்க. நல்ல மனசு. ஆனா உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு வருஷத்துல வர்ற அன்பளிப்பு மொத்தமா 50,000 ரூபாயைத் தாண்டினா, தாண்டின பகுதி மட்டுமில்லை, முழுத் தொகையும் அவரோட வருமானத்துல சேரும். வாங்கினவருக்கு அது தெரிஞ்சிருக்கணும். அதனாலதான் நான் நன்கொடையை விட ஆர்டரைச் சொல்றேன். ஆர்டர்ல அவருக்கு மரியாதையும் இருக்கு.

ரெண்டாவது கடன். 20,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல ரொக்கமா கடன் வாங்கக் கூடாது. வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே விதி. வங்கி வழியா மட்டும் கொடுங்க, ஒரு ஒப்பந்தம் எழுதுங்க, வர்ற வட்டியை உங்க வருமானத்துல காட்டுங்க.

மூணாவது பங்கு. பிரைவேட் லிமிடெட் கம்பெனியா இருந்தாத்தான் இது சாத்தியம். வாட்ஸ்அப் குரூப்புல "என் கம்பெனியில் பங்கு தர்றேன், வாங்க"ன்னு பொது அழைப்பு விடக் கூடாது. அதுக்கு முறை இருக்கு, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கு. கம்பெனி செக்ரட்டரியோ ஆடிட்டரோ இல்லாம இதுல இறங்காதீங்க.

மூணுலயும் உங்களுக்கான விதி ஒண்ணு. எமர்ஜென்சி ஃபண்ட், இன்ஷூரன்ஸ், குழந்தைங்க படிப்பு, இதெல்லாம் ஒதுக்கின பிறகு மிச்சமிருக்கிற காசுல ஒரு சின்ன பங்குதான் இதுக்கு. திரும்ப வராட்டியும் வீட்ல சண்டை வராத அளவு. உங்க சேமிப்பைக் கரைச்சு இன்னொருத்தர் கனவைத் தூக்கி நிறுத்தச் சொல்லி நான் எப்பவும் சொல்ல மாட்டேன்.

4. உங்க வேலையில் இருந்து ரெண்டு மணி நேரம்

அரசாங்கத்துல திட்டமே இல்லைன்னு சொல்ல முடியாது. புதுசா யூனிட் ஆரம்பிக்க பி.எம்.இ.ஜி.பி. இருக்கு, உற்பத்தின்னா 50 லட்சம் வரைக்கும் திட்டச் செலவு, மானியத்தோட. தமிழ்நாடு அரசோட நீட்ஸ் திட்டம் இருக்கு. தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தர்ற புத்தாக்க வவுச்சர் இருக்கு. ஸ்டார்ட்அப் டி.என். இருக்கு. ஆனா லேத்ல நிக்கிற மனுஷனுக்கு திட்ட அறிக்கை எழுத வராது. அஞ்சு வருஷத்துக்கு வரவு செலவு மதிப்பீடு போடுங்கன்னா, அவர் விண்ணப்பத்தை மடிச்சு அலமாரியில் வச்சிடுவார்.

அங்கதான் நீங்க வரணும். எக்செல் தெரிஞ்சவர் மதிப்பீடு போட்டுக் கொடுக்கலாம். கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறவர் மெஷினைச் சோதிச்சு எழுத்துல ரிசல்ட் கொடுக்கலாம். டிசைன் தெரிஞ்சவர் வரைபடம் போடலாம். விவசாயி நாலு நாள் ஓட்டிப் பார்த்து "இந்த இடத்துல தாள் சிக்குது"ன்னு எழுதிக் கொடுக்கலாம். இதுல எதுக்கும் காசு வேண்டாம்.

போன மூணு மாசமா, ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் என் ஆபீஸ்ல இதை ஆரம்பிச்சிருக்கேன். பேர் வைக்கலை, கட்டணம் இல்லை, டீ மட்டும் உண்டு. மூணு விதி. பதிவு பண்ணாத கண்டுபிடிப்போட உள் விஷயத்தை யாரும் பேசக் கூடாது, அது என்ன வேலை செய்யும்னு மட்டும் சொல்லலாம். போட்டோ கூடாது. வர்றவங்க "நான் என்ன விக்கறேன்"னு ஆரம்பிக்கக் கூடாது, "எனக்கு என்ன தேவை, யாருக்கு நான் உதவ முடியும்"னு ஆரம்பிக்கணும்.

மூணாவது விதிக்குக் காரணம் இருக்கு. பணம் கட்டிச் சேர்ந்த ஒரு பிசினஸ் குரூப்புல நான் ஒரு வருஷம் இருந்தேன். அறை முழுக்க விக்கிறவங்க, வாங்குற ஆள் ஒருத்தர் கிடையாது. ஆளாளுக்கு கார்டைக் கொடுத்துட்டு இட்லி சாப்பிட்டுப் போனோம்.

"இது சென்டிமென்ட் இல்லையா சார்?"

இந்தக் கேள்வியை நீங்க கேட்பீங்கன்னு தெரியும். உள்ளூர்க்காரர் என்கிறதுக்காக மட்டமான பொருளை அதிக விலைக்கு ஏன் வாங்கணும்? வாங்க வேண்டாம். அது அவருக்கும் நல்லதில்லை, பரிதாபத்துல வித்த பொருள் ரெண்டாவது தடவை விக்காது. நான் கேட்கிறது இவ்வளவுதான். வாங்குறதுக்கு முன்னாடி அவருக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்க. ஒண்ணே ஒண்ணு வாங்கிச் சோதிங்க. சரியில்லைன்னா ஏன் சரியில்லைன்னு எழுதிக் கொடுங்க. பெரிய கம்பெனிக்கு ஆயிரம் வாடிக்கையாளர்கள் குறை சொல்லிச் சொல்லித்தான் பொருள் திருந்துது. சின்னவருக்கு அந்த முதல் பத்துப் பேர் கிடைக்கறதே இல்லை. பத்தாவது மெஷின் வரைக்கும் போகாத ஒருத்தர்கிட்ட, நூறாவது மெஷினோட தரத்தை எதிர்பார்க்கறோம்.

இப்போ அண்ணா எங்கே இருக்கார்?

பழைய மெஷினுக்குக் காப்புரிமை கிடைக்காது. அதுல மாற்றமில்லை. ஆனா வீடியோவுக்குப் பிறகு, பல சைஸ் வெங்காயத்தையும் ஒரே தடவையில் வாங்கிக்கிற மாதிரி புதுசா ஒரு அமைப்பு பண்ணியிருக்கார். அதை யார்கிட்டயும் காட்டலை, எனக்கே காட்டலை. அந்தப் பகுதிக்கு மட்டும் தற்காலிக விவரணை போட்டாச்சு. அதுக்கு உரிமை கிடைக்குமா இல்லையா என்பது பிறகு பரிசீலனையில்தான் தெரியும். மெஷினோட பேருக்கு டிரேட்மார்க் விண்ணப்பமும் போட்டாச்சு, சின்னவங்களுக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். ரெண்டு செலவையும் நான் ஏத்துக்கிட்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லலை, அந்த வீடியோவுல வந்த காசு அது.

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்த, டூல் ரூம்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் பிளேடுக்கு வேற ஸ்டீல் சொல்லியிருக்கார். அட்வான்ஸோட இதுவரைக்கும் ஏழு ஆர்டர். பத்துக்கு இன்னும் மூணு குறையுது.

போன கூட்டம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பின பிறகு, அண்ணா கடைசியா நின்னு டீ கிளாஸை எல்லாம் எடுத்து வச்சிட்டு இருந்தார். "தம்பி, பத்து ஆனதும் ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க"ன்னார். "பயமா இல்லையாண்ணா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "மூடி போட்ட பிறகு எடுங்க. உள்ளே காட்ட வேண்டாம்."

அந்த வீடியோ வரும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க தெருவுல, உங்க ஊர்ல இப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். இந்த வாரம் அவரைப் போய்ப் பாருங்க. "பதிவு பண்ணிட்டீங்களா? உங்களுக்கு யார்கிட்ட இருந்து காசு வர வேண்டியிருக்கு? ஒண்ணு எனக்கு எவ்வளவுக்குத் தருவீங்க?" இந்த மூணு கேள்வியையும் கேளுங்க. கை தட்டுறதை அப்புறம் பார்த்துக்கலாம்.